சுடாத நேரம்: போர்த் தொடர்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டாமல் எவனாவது ஓடினால் போதும், பெரியப்பா டிவியைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார். "டேய், இவனுக்கெல்லாம் யாருடா டிரெய்னிங் குடுத்தது?" பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலைகளைப் பார்க்கும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ரிட்டையர் ஆனவர். காலையில் அந்தப் படையின் முகாமான எம்.இ.ஜி. பக்கமிருந்து பியூகிள் சத்தம் காதில் விழுந்தால் இன்றைக்கும் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து போர்த் தொடர்கள் பார்ப்பது எனக்கு மூன்று நான்கு வருடப் பழக்கம்.

இது தெரிந்த நண்பர்கள் சிலர், "போர் சீரிஸ் பார்க்கணும்பா, எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பார்கள். நானும் நாலு பெயர் சொல்லி அனுப்புவேன். இரண்டு வாரம் கழித்து, "பாதியிலேயே நிறுத்திட்டேன், ஒண்ணுமே நடக்கலையே" என்று திரும்பி வருவார்கள். ஒன்றுமே நடக்காத அந்த நேரத்துக்காகத்தான் அந்தத் தொடர்களைப் பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பட்டாளத்தில் இருந்தவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். பெரியப்பாவின் கணக்குப்படி, அவருடைய 24 வருடத்தில் தலைக்கு மேல் குண்டு பறந்த நாட்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். மீதி நாட்களில் குழி தோண்டினார், மூட்டை தூக்கினார், வரிசையில் நின்றார், பூட்ஸ் துடைத்தார், லீவு சாங்ஷன் ஆகக் காத்திருந்தார், கிளம்பு என்று சொன்ன பிறகு லாரி வரக் காத்திருந்தார். இரண்டரை மணி நேரப் படத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. டிக்கெட் வாங்கியவருக்குச் சண்டை வேண்டும், இடைவேளைக்கு முன் ஒன்று, கடைசியில் ஒன்று. பத்து மணி நேரம் ஓடும் தொடருக்கு அந்த நெருக்கடி இல்லை. சண்டையை முழுதாகக் காட்டிய பிறகும் அதன் கையில் எட்டு மணி நேரம் மிச்சமிருக்கும். அந்த எட்டு மணி நேரத்தை அது எப்படிச் செலவு செய்கிறது? ஒரு போர்த் தொடரை நான் எடை போடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். சுடுகிற காட்சியைப் பணம் இருந்தால் யாரும் எடுத்துவிடலாம்.

இது டிவி வந்த பிறகு வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். பத்துப்பாட்டில் மிகச் சின்னது முல்லைப்பாட்டு, 103 அடிதான். நப்பூதனார் பாடியது. முழுக்கப் போர்ப் பாசறைக் கதை, ஆனால் ஒரு வாள்வீச்சுகூட நம் கண்ணெதிரே நடப்பதில்லை. காட்டை வெட்டி முள்வேலி போட்டுக் கூடாரம் அடித்திருக்கிறார்கள். யானைப் பாகர்கள் வடமொழிச் சொற்களைச் சொல்லி யானையைத் தின்ன வைக்கப் பார்க்கிறார்கள். நீர்க்கடிகாரத்தைப் பார்த்து இத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்ல ஓர் ஆள். உள்ளே அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, இன்னொரு கையைத் தலையில் வைத்து, நெடுநேரம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நினைப்பதெல்லாம் நேற்றைய சண்டையைத்தான். துதிக்கை வெட்டுப்பட்டு, அது பாம்பு துடிப்பதுபோலத் துடிக்க நின்ற யானை. சோற்றுக்கடன் தீர்த்துச் செத்துப்போன ஆட்கள். தோற்கவசத்தைத் துளைத்து அம்பு இறங்கியதால், காதைச் சாய்த்துக்கொண்டு தீனி எடுக்காமல் வாடும் குதிரை. அந்தக் குதிரையின் காதைக் கவனித்தாரே, அவர்தான் நல்ல தொடர் எழுதக்கூடியவர். வீட்டில் மனைவி காத்திருக்கும் பகுதியும் அதே பாட்டில் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தியத் தொலைக்காட்சியில் பட்டாளம் பெரிய அளவில் வந்தது தூர்தர்ஷன் காலத்தில். 1988இல் சேத்தன் ஆனந்த் எடுத்த 'பரம்வீர் சக்ரா', அதற்குப் பின்னாலேயே 1989இல் 'ஃபௌஜி'. ஷாருக்கான் முதன்முதலில் நாடு முழுக்கத் தெரிந்தது ஃபௌஜியில்தான். இரண்டும் பட்டாளக் கதையை இரண்டு விதமாகச் சொல்லின, அந்த இரண்டு வழியும் நம்மிடம் இன்றுவரை தொடர்கின்றன. பரம்வீர் சக்ராவில் எபிசோடுக்கு ஒரு வீரர். எப்படி வளர்ந்தார், எப்படிப் போரிட்டார், எதற்குப் பதக்கம் கிடைத்தது. முடிவு தெரிந்தே பார்ப்போம், கோயில் கதை கேட்பதுபோல. ஃபௌஜியில் பதக்கம் கிடையாது, பயிற்சி முகாம்தான் கதை. குறும்புக்காரப் பையன் ஒருவன் உள்ளே போய் அடிபட்டு, உதைபட்டு, தோழர்களைச் சம்பாதித்து ஆளாகிறான். முதல் வகையில் சிப்பாயின் அனுபவம் அவன் சாகும் இடத்தில் வந்து குவிகிறது, இரண்டாவது வகையில் அவன் சேரும் இடத்தில். நடுவில் இருக்கும் இருபது வருடத்தை இரண்டுமே தொடவில்லை. பெரியப்பாவுக்கு ஃபௌஜி என்றால் உயிர். எனக்கு அவ்வளவு இல்லை. இதில் எங்களுக்குள் சமாதானமே கிடையாது.

சமீபத்தில் வந்தவற்றில் '1962: தி வார் இன் தி ஹில்ஸ்' 2021இல் வந்தது. லடாக்கில் ரெசாங் லா கணவாயில் 1962 நவம்பர் 18 அன்று நடந்ததை மனதில் வைத்து எடுத்தது. 13ஆவது குமாவுன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, மேஜர் சைத்தான் சிங் தலைமையில் கிட்டத்தட்ட 120 பேர். 114 பேர் அங்கேயே இறந்தார்கள். பனி இளகிய பிறகு, அடுத்த வருடம் போய்ப் பார்த்தபோது பல உடல்கள் பதுங்குகுழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தன. நடுவிலிருந்த அந்த மாதங்களில், தப்பி வந்த ஒரு சிலர் சொன்னதை மேலே பலர் நம்பவே இல்லை. இதைவிட ஒரு தொடருக்கு என்ன வேண்டும்? ஆனால் எடுத்தவர்கள் ஊர்க் காதலையும் கல்யாணப் பாட்டையும் போட்டு நேரத்தை நிரப்பினார்கள். சுடாத நேரம் நிறைய இருந்தது, அதில் குளிர்தான் இல்லை.

நம் தொடர்கள் ஏன் இப்படி ஆகின்றன என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. டாங்கி, ஹெலிகாப்டர், முகாம் எல்லாம் ராணுவத்திடம் இருக்கிறது, எடுப்பவர் அவர்களிடம் போய்த்தான் நிற்க வேண்டும். 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம், ராணுவத்தைப் பற்றிய படங்களும் வெப் சீரிஸும் வெளியாகும் முன் தன்னிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று தணிக்கை வாரியத்துக்கும் சம்பந்தப்பட்ட துறைக்கும் எழுதியது. ராணுவத்தைக் கொச்சைப்படுத்திச் சில தொடர்கள் வந்தன என்பதும் உண்மைதான். ஆனால் சான்று வாங்கி எடுக்கும் கதையில் தப்பான ஆர்டர் போடும் அதிகாரி வருவாரா? பயந்துபோன ஜவான் வருவானா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வெளியூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? புதிதாகப் பார்ப்பவருக்கு நான் முதலில் சொல்வது 'மாஷ்'. 1972இலிருந்து 1983 வரை ஓடிய அமெரிக்கத் தொடர். கொரியப் போரில் ஒரு நடமாடும் ராணுவ ஆஸ்பத்திரி, அதன் டாக்டர்கள், நர்ஸுகள். மூன்று வருடம் நடந்த போரைப் பற்றிப் பதினோரு வருடம் தொடர் எடுத்தார்கள், கதையில் இருப்பவர்களுக்கு வயசே ஆகவில்லை. பேர் என்னவோ காமெடி. பின்னணியில் ஆட்கள் சிரிக்கும் சத்தத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று சேனல் அடம் பிடித்தது, எடுத்தவர்களுக்கு அதில் இஷ்டமில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: ஆபரேஷன் தியேட்டர் காட்சியில் மட்டும் அந்தச் சிரிப்புச் சத்தம் வராது. அதனால் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கூடாரத்தில் கும்மாளம், சிரிப்பு, அப்புறம் கதவு திறந்து உள்ளே போனால் சட்டென்று வெறும் கத்தரிக்கோல் சத்தம். ஜோக் அடிப்பதை டாக்டர்கள் அங்கேயும் நிறுத்துவதில்லை, சிரிக்கத்தான் ஆள் இல்லை. பி.பி.சி. இதை ஒளிபரப்பியபோது சிரிப்பையே எடுத்துவிட்டுப் போட்டது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒரே காட்சி வேறு காட்சியாகத் தெரியும்.

நடுவில் ஒரு சங்கதி. அதே கொரியப் போரில் நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றும் இருந்தது. இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ், இந்தியப் பட்டாளத்தில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து இவர்களும் விமானத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே வைத்தியம் பார்த்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இதை வைத்து ஒரு தொடர் எடுத்தால் நான் சந்தா கட்டத் தயார்.

மாஷின் கடைசி எபிசோட் 1983 பிப்ரவரி 28 அன்று வந்தது, இரண்டரை மணி நேரம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அதில் வரும் ஒரு காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொண்டால் போர்த் தொடர்களில் பாதி புரிந்துவிடும். எப்போதும் ஜோக் அடிக்கும் டாக்டர் ஹாக்ஐ, மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மனநல மருத்துவரிடம் ஒரு பஸ் பயணத்தைச் சொல்கிறார். பஸ்ஸில் இவர்களும் ஊர்க்காரர்களும். பக்கத்தில் எதிரிகளின் ரோந்து, மூச்சு விட்டாலும் ஆபத்து. பின்சீட்டில் ஒரு பெண் மடியில் கோழி. அது கொக்கரித்துக்கொண்டே இருக்கிறது. "அந்தக் கோழியைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்" என்று இவர் கத்துகிறார். சத்தம் நிற்கிறது. அவள் கோழியைக் கொன்றுவிட்டாள். இதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, ஒரு கட்டத்தில் அவர் அழ ஆரம்பிக்கிறார். அது கோழி இல்லை, குழந்தை.

இங்கே இயக்குநர் குண்டு போடவில்லை, ரத்தம் காட்டவில்லை. ஒரு மனிதன் ஞாபகத்தில் குழந்தையைக் கோழியாக மாற்றி வைத்திருந்தான் என்பதைத்தான் காட்டினார். பதினோரு வருடமாக அவனுடைய ஜோக்குக்குச் சிரித்தவர்கள் நாம் என்பதால்தான் அது அப்படி அடிக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் தெரிந்த ஆளாக இருந்தால், நல்ல திருப்பம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம்.

அடுத்து எல்லாரும் சொல்லும் பெயர், 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்'. 2001இல் எச்.பி.ஓ.வில் பத்து எபிசோடாக வந்தது. அமெரிக்கப் பாராசூட் படையின் ஈஸி கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியிலிருந்து ஜெர்மனி வரை போன கதை. பன்னிரண்டரைக் கோடி டாலர் செலவு. நடிகர்களைப் பத்து நாள் பயிற்சி முகாமில் போட்டு வாட்டினார்கள், வாட்டியவர் வியட்நாம் போரில் இருந்த முன்னாள் கேப்டன் டேல் டை. பெரியப்பா வாரைப் பார்த்துச் சத்தம் போட்டது இந்தத் தொடருக்குத்தான். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் காலத்து அமெரிக்கச் சிப்பாய்கள் நிறையப் பேர் உண்மையிலேயே வாரை மாட்ட மாட்டார்கள். பக்கத்தில் குண்டு வெடித்தால் காற்று ஹெல்மெட்டை அப்படியே தூக்கி, வார் கழுத்தை ஒடித்துவிடும் என்று பயம். பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனுங்க ஹவில்தார் சரியில்லை" என்றார்.

உடை, துப்பாக்கி, வார் எல்லாம் சரியாக இருந்தால் கதையும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதே தொடரில் ஓர் உதாரணம் உண்டு. மூன்றாவது எபிசோட் முழுக்க ஆல்பர்ட் பிளைத் என்ற சிப்பாயைச் சுற்றி வருகிறது. கண்ணில் காயமே இல்லை, ஆனால் திடீரென்று அவருக்குக் கண் தெரியாமல் போகிறது. பார்த்ததைத் தாங்க முடியாமல் மனசு கண்ணை மூடிவிட்டது. அப்புறம் பார்வை திரும்புகிறது, சண்டையில் காயம் படுகிறது. எபிசோட் முடிவில் எழுத்து வருகிறது: அந்தக் காயத்திலிருந்து அவர் தேறவே இல்லை, 1948இல் இறந்தார். உண்மையில் பிளைத் தேறினார், ராணுவத்திலேயே தொடர்ந்தார், 1967இல்தான் இறந்தார். கூட இருந்தவர்களே அவர் எப்போதோ போய்விட்டதாக நம்பியிருந்தார்கள். சிப்பாயின் ஞாபகத்தை ஆதாரமாக வைத்து எடுக்கும் தொடரில் இப்படி ஆகும். ஞாபகம் பொய் சொல்லவில்லை, நடுங்கிப்போன பையன் ஒருவன் தேறியிருப்பான் என்று அதற்குத் தோன்றவில்லை.

எனக்கு இதில் பிடித்தது ஆறாவது எபிசோட். 1944 டிசம்பர், பெல்ஜியத்தில் பாஸ்டோன் காடு, முட்டளவு பனி. கம்பெனியில் காயத்துக்கு முதலுதவி செய்யும் மெடிக் யூஜீன் ரோ ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய்ப் பிச்சை கேட்பதுபோலக் கேட்கிறார்: கத்தரிக்கோல் இருக்கா, கட்டுத்துணி இருக்கா, மார்ஃபின் இருக்கா? எபிசோடில் பெரும்பகுதி இதுதான். ஒரு கத்தரிக்கோலைத் தேடும் கதை. ஸ்டோர் கணக்கு பார்த்த பெரியப்பா இதை மட்டும் வாயே திறக்காமல் பார்த்தார்.

எபிசோடுகளின் தொடக்கத்தில் சில கிழவர்கள் வந்து பேசுவார்கள், நிஜமான ஈஸி கம்பெனிக்காரர்கள். பெயர் போட மாட்டார்கள். கடைசி எபிசோடில்தான் யார் யார் என்று தெரியும். அதனால் நடுவில் ஒருவன் குண்டடி படும்போது, இவன் அந்தக் கிழவர்களில் ஒருவனா இல்லையா என்று நமக்கும் தெரியாது. யார் பிழைப்பார் என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதைச் சொல்லாமலே அனுபவிக்க வைக்கிறார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை பாக்கி இருக்கிறது. நார்மண்டிக் கடற்கரையை வைத்து 1998இல் வந்த பிரபலமான ஹாலிவுட் படத்தில், முள்கம்பி வேலியைத் தகர்க்க நீளமான குழாய் வெடியைக் கொண்டுவரச் சொல்லிச் சிப்பாய்கள் "பேங்களூர்ஸ்!" என்று கத்துவார்கள். பேங்களூர் டார்பிடோ. 1912இல் இங்கே, மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. அந்தக் காட்சி வரும்போதெல்லாம் பெரியப்பா மீசையைத் தடவிக்கொள்வார், ஏதோ அவரே செய்து கொடுத்ததுபோல.

மீசை என்றதும் ஞாபகம் வருகிறது, 'ஜெனரேஷன் கில்'. 2008, ஏழே எபிசோட். 2003இல் ஈராக்குக்குள் போன அமெரிக்க மரைன்களின் கதை. பின்னணி இசையே கிடையாது, அவர்களே வண்டிக்குள் கத்திப் பாடும் பாட்டுதான். மரைன்களில் ரூடி ரேயஸ் என்பவர் தன் வேடத்தில் தானே நடித்தார். பாலைவனத்தில், துப்பாக்கிக்குப் போட எண்ணெய் இல்லை, பேட்டரி இல்லை, மேப் தப்பு. அந்த நேரத்தில் சார்ஜண்ட் மேஜர் வந்து மீசையை விதிப்படி வெட்டவில்லை என்று காட்டுக்கத்தல் கத்துகிறார். பெரியப்பா சிரித்த சிரிப்பில் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். "எல்லா நாட்டுப் பட்டாளத்துலயும் இப்படி ஒருத்தன் இருக்கான் போலிருக்கே!" பத்துத் தொடர் பார்த்ததில் அவருக்கு இதுதான் நிஜம் என்று பட்டது. ஆரம்பிக்கிறவர்கள் இதை முதலில் எடுக்க வேண்டாம். யார் யார் என்று புரியவே இரண்டு எபிசோட் ஆகும், பேச்சு முழுக்கக் கெட்ட வார்த்தை.

போர் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதை எடுத்தவர்கள் குறைவு. 'தி பசிபிக்' (2010) தன் கடைசி எபிசோடு முழுவதையும் இதற்காக ஒதுக்கியது. யூஜீன் ஸ்லெட்ஜ் என்ற பையன் ஜப்பானியத் தீவுச் சண்டைகளிலிருந்து வீட்டுக்கு வருகிறான். ராத்திரி கனவில் முனகுகிறான், அறைக் கதவுக்கு வெளியே அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் டாக்டர், முதல் உலகப் போரில் திரும்பி வந்தவர்களைப் பார்த்தவர். உள்ளே போவதில்லை. காலேஜில் சேரப் போன இடத்தில், பட்டாளத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு பெண் விண்ணப்பத்தை நிரப்பக் கேட்கிறாள். ஆட்களைக் கொல்லக் கற்றுக்கொண்டேன் என்கிறான். அப்பாவோடு புறா சுடப் போன இடத்தில் உட்கார்ந்து அழுகிறான். அவ்வளவுதான் எபிசோட்.

இந்த நிலைக்கு நூறு வருடமாகப் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். அந்த முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக்கொன்ற தன் படைச் சிப்பாய்கள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு கிடைத்தது. பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். தொடர்கள் இதை ஒரே மாதிரிக் காட்டிப் பழகிவிட்டன. பட்டாசு வெடிக்கும், நாயகன் தரையில் பாய்வான், திரை கறுப்பு வெள்ளையாகும், போர்க்களம் தெரியும். அப்படியும் நடக்கும்தான். ஆனால் தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம், கூட்டத்துக்குப் போகாமல் தட்டிக்கழிப்பது, ஹோட்டலில் வாசல் தெரியும் நாற்காலியாகப் பார்த்து உட்காருவது, இவைதான் வருடக்கணக்கில் நீடிக்கும். கேமராவுக்கு இவை சுவாரசியமாக இருக்காது. இங்கிருக்கும் மனநல ஆஸ்பத்திரியின் பெயரை வைத்து "நிம்ஹான்ஸ் கேஸ்" என்று கிண்டலாகப் பேசிப் பழகிய நம் ஊரில், ஒரு ரிட்டையர்டு ஜவான் ஏன் டாக்டரிடம் போக மாட்டார் என்பதையே பத்து எபிசோட் எடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேமரா யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறது என்று பாருங்கள். பத்து மணி நேரம் ஒரு சிப்பாயோடு நடந்தால் அவன் செய்வதெல்லாம் நியாயமாகத் தெரிய ஆரம்பிக்கும். 2013இல் ஜெர்மனியில் 'நம் தாய்மார்கள், நம் தந்தையர்' என்று மூன்று பாகத் தொடர் வந்தது. 1941இல் பிரியும் ஐந்து ஜெர்மானிய நண்பர்களின் கதை, நன்றாக எடுத்திருந்தார்கள். போலந்து கொதித்துப்போனது. யூதர்களை வெறுத்தவர்கள் போலந்துப் போராளிகள் என்பதுபோலவும், ஜெர்மன் பையன்கள் பாவம், சூழ்நிலைக் கைதிகள் என்பதுபோலவும் காட்டிவிட்டார்கள் என்று தூதர் மட்டத்தில் எதிர்ப்பு வந்தது. சிப்பாயின் அனுபவம் உண்மையாகவே இருக்கலாம், அவன் போன ஊரில் இருந்தவர்களின் அனுபவம் திரையில் இரண்டு நிமிடம்கூட இல்லாமல் போகலாம். மாஷில் அந்தப் பஸ்ஸின் பின்சீட்டில் இருந்த பெண்ணுக்குப் பெயர் கிடையாது.

பெரியப்பாவுக்காக நான் தேடிப் பிடித்தது 'டேஞ்சர் யூ.எக்ஸ்.பி.'. 1979இல் பிரிட்டனில் வந்த 13 எபிசோட். லண்டன்மேல் விழுந்து வெடிக்காமல் போன ஜெர்மன் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சாப்பர்களின் கதை. திரையில் எப்போதும் காலாட்படைக்குத்தான் மவுசு, சாப்பர் பாலம் போட்டுவிட்டு ஓரமாக நிற்பான். இதில் சாப்பர்தான் எல்லாம். ஓர் ஆள் குழிக்குள் இறங்கி, குண்டின்மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறான். உள்ளே கடிகாரம் ஓடுகிறதா? ஓடினால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸைக் கழற்றக் கற்றுக்கொண்டதும், கழற்றினால் வெடிக்கும்படி அதன் அடியில் ஜெர்மானியர் இன்னொரு பொறியை வைத்தார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், கழற்றியவன் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆள். 13 மணி நேரத்தில் யாரும் யாரையும் சுடுவதாக எனக்கு ஞாபகம் இல்லை, சோபா நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் பெரியப்பா எழுந்து போய் பெரியம்மாவின் ஸ்வெட்டர் ஊசி ஒன்றை எடுத்து வந்தார். சோபா மெத்தைக்கு முன்னால் குப்புறப் படுத்தார், 65 வயதில். ஊசியைச் சாய்வாக, முப்பது டிகிரி இருக்கும், மெத்தைக்குள் மெதுவாக நுழைத்தார். "சாய்ச்சுதான் குத்தணும் தம்பி. வெடி மேல இருந்து மிதிச்சா வெடிக்கும். சாய்ச்சா பக்கவாட்டுல தட்டும், அது ஒண்ணும் பண்ணாது. தட்டுச்சுன்னா நிறுத்து. மூச்சையும் நிறுத்து." ஊசியை எடுத்து இரண்டு விரல் தள்ளி மறுபடி நுழைத்தார். மறுபடி. மெத்தையின் அகலத்தைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. டிவியை யாரும் பார்க்கவில்லை. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் இவர்களுடைய ஆள், மெட்ராஸ் சாப்பர். இறந்த பிறகு பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பெரியப்பா எழுந்தார்.

இவ்வளவு சொன்னவர் ஒன்றை மட்டும் சொன்னதில்லை. 1987இலிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப் படையில் இவரும் போனார். ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பி வராத இடம். மும்பையில் பிறந்த தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அங்கே உயிர்விட்டதற்காகத்தான் பரம்வீர் சக்ரா. தமிழ் பேசும் ஊருக்குத் தமிழ் பேசும் ஜவான் துப்பாக்கியோடு போய் நின்ற அனுபவத்தை மையமாக வைத்து நான் பார்த்தவரை ஒரு தொடரும் இல்லை. நம் மெகா சீரியல்களில் மிலிட்டரிக்காரன் என்றால் கதையில் கொஞ்ச நாள் இல்லாமல் இருக்க வேண்டிய புருஷன், இல்லையென்றால் சுவரில் மாலை போட்ட போட்டோ. அமைதிப் படையைப் பற்றிப் பெரியப்பாவிடம் நான் கேட்டிருக்கிறேன். "கிணத்தடியில ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. நம்ம பேச்சுதான்," என்பார். அதோடு சரி, ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

முல்லைப்பாட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்றேன். அதில் பாசறை வருவதற்கு முன்பே வீடு வந்துவிடுகிறது. மழைக்கால மாலை. காத்திருக்கும் பெண்ணுக்காக வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய் நல்ல சொல் ஏதாவது காதில் விழுகிறதா என்று நிற்கிறார்கள். குளிரில் நடுங்கும் கன்றுக்குட்டியிடம் ஓர் இடைப்பெண், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று சொல்வது கேட்கிறது. அதைக் கொண்டுவந்து அவளிடம் சொல்லித் தேற்றுகிறார்கள். அவளுக்குத் தேறவில்லை.

போன மாதம் ஒரு தொடரில், போர்முனையிலிருந்து கடிதம் வந்து மனைவி அழும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் வயலின். பெரியம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "லெட்டர் வர்ற நாளைத்தான் எல்லாரும் காட்டுறாங்க. வராத நாளை எவன் காட்டுறான்?" என்றார்கள். "88ல மூணு வாரம் ஒண்ணும் வரலை. 56 ஏ.பி.ஓ.ன்னு பட்டாளத் தபால் அட்ரஸ், அதுல எங்க இருக்காருன்னு என்ன தெரியும்? தபால்காரர் நம்ம தெருவுல திரும்புனா நான் உள்ள போயிடுவேன். வர்றது லெட்டரா தந்தியான்னு பயம்."

பெரியப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தபால் வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னுது," என்றார். "பாலத்தை உடைச்சிட்டாங்க. நாங்கதான் போட்டுக்கிட்டிருந்தோம்."

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார்கள்.